அரிசிம்பருப்பும் ஆய்வுத்தாளும்: காசநோய்ச் சத்துணவு ஆய்வில் அரசு பாதி, தனியார் பாதி

கொஞ்ச நாளைக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் காசநோயாளிகளுக்குச் சத்துணவுப் பை கொடுத்தார்கள். தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார், போயிருந்தேன். யார் நடத்தியது, யார் செலவு என்பது இங்கே வேண்டாம். கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். பத்துப் பேருக்குப் பை. ஒவ்வொரு பை கைமாறும்போதும் ஒரு போட்டோ. டிபி வந்ததைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் மறைக்கிற ஊரில், மேடையேற்றிப் படம் பிடிப்பதில் யாருக்கும் ஒரு உறுத்தலும் இல்லை. இது முதல் குறை. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

வெளியே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதிருக்கும். மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது முடியவில்லை. "பை நல்லாத்தானுங்க இருக்குது. வூட்ல அஞ்சு பேருங்க. பருப்பைக் கொதிக்க வெச்சா எல்லாத்துக்குந்தானுங்க ஊத்தோணும். எனக்கு மட்டும் தனியா எப்புடீங்க ஆக்கித் திங்கறது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய ஆய்வு பதில் சொல்லியிருக்கிறது. பதில் வந்த பிறகும் அந்த அம்மா ஏன் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது? மருத்துவச் சத்துணவு ஆய்வில் அரசும் தனியாரும் கைகோர்ப்பதைப் பற்றிக் கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். கை கோர்ப்பது சரி. ஆனால் கேள்வியை யார் கேட்கிறார்கள், பதிலை யார் செலவு செய்து நிறைவேற்றுகிறார்கள் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்காக எடுத்த குறிப்புகளை இங்கே கட்டுரையாக்குகிறேன்.

மெட்ராஸ், 1956

கதை சென்னையில் தொடங்குகிறது. 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஐசிஎம்ஆர், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த கூட்டு முயற்சி. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வு எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டது: மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் நோயாளி சானடோரியத்தில் படுக்க வேண்டுமா, வீட்டிலிருந்தே குணமாக முடியுமா?

நம் பக்கத்து ஆட்களுக்குச் சானடோரியம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பெருந்துறை சானடோரியம் என்ற பெயரே போதும். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை என்று மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். இடம் கிடைக்காதவர்கள் வீட்டில் கிடந்து இறப்பார்கள்.

மெட்ராஸ் ஆய்வில் குலுக்கல் முறையில் பாதிப்பேர் சானடோரியத்துக்கும் பாதிப்பேர் தங்கள் வீட்டுக்கும் போனார்கள். இரண்டு பக்கமும் ஐசோநியாசிட், பாஸ் ஆகிய இரண்டு மருந்துகள், ஒரு வருடம். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வு கம்மி. இருந்தும் கிருமி ஒழிந்த கணக்கில் இரண்டு கூட்டமும் கிட்டத்தட்டச் சமம். வீட்டு ஆட்களுக்கு நோய் தொற்றியதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இது உலகத்தை மாற்றிய ஆய்வு. சானடோரியங்களுக்கு மூடுவிழா நடத்தியதில் மெட்ராஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏழை நாடுகளில் லட்சக்கணக்கான பேருக்கு வீட்டிலேயே வைத்தியம் கிடைத்தது இதனால்தான். அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் அந்த ஆய்விலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. "மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை" என்று படித்துக்கொண்டார்கள். ஆய்வு கேட்ட கேள்வி அதுவல்ல. சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் பிரதானமாக அளந்தார்கள். எடை கூடியதில் சானடோரியத்துக்காரர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். அது அறிக்கையிலேயே இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலும் அந்த நோயாளிகளை மையத்தின் ஆட்கள் விடாமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கவனிப்பு இல்லாமல், முப்பத்தஞ்சு கிலோ உடம்போடு வருகிற ஒருவருக்கு மாத்திரை அட்டையை மட்டும் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வி அறுபது வருடம் கேட்கப்படாமலே கிடந்தது.

ஜார்கண்ட், 2019

கேட்டவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வஸ்திய சஹயோக் என்ற தொண்டு மருத்துவமனையில் வேலை செய்த அனுபவத்திலிருந்து வந்த கேள்வி அது. அங்கே வந்த காசநோயாளிகளின் எடையை 2013-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆண்களின் இடைநிலை எடை 42 கிலோ, பெண்களுக்கு 34 கிலோ. வளர்ந்த பெண்கள் 34 கிலோ. இந்த எண்ணைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

பிறகு வந்ததுதான் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு. இதில் அரசு, தனியார் பங்கீட்டைக் கவனியுங்கள். பணம் அரசுடையது: ஐசிஎம்ஆரின் இந்தியக் காசநோய் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு. தலைமை ஆய்வாளர் இருந்தது தனியார் கல்லூரி: மங்களூரு யேனபோயா மருத்துவக் கல்லூரி. கூட இருந்தது சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அது வேறு எதுவும் இல்லை, 1956-ல் தொடங்கிய அதே மையம்தான் பெயர் மாறி வந்திருக்கிறது. களம் ஜார்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் அரசு காசநோய்த் திட்டத்தின் 28 அலகுகள். கேள்வி ஒரு தொண்டு ஆஸ்பத்திரியில் பிறந்தது, தனியார் கல்லூரியில் வடிவம் பெற்றது, பொதுப் பணத்தில் நடந்தது. விற்பதற்குப் பொருள் வைத்திருந்த ஆள் இதில் யாரும் இல்லை. அரசு, தனியார் கூட்டு என்றால் எனக்கு இதுதான் மாதிரி.

2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை: அரிசி 5 கிலோ, வறுகடலை மாவு 3 கிலோ, பால் பவுடர் ஒன்றரைக் கிலோ, எண்ணெய் அரை லிட்டர். கூடவே சத்து மாத்திரை. கணக்குக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம். குலுக்கலில் பாதி அலகுகளில் வீட்டு ஆட்களுக்கும் கொடுத்தார்கள்: தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு. நாளொன்றுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம். மற்ற அலகுகளில் வீட்டு ஆட்களுக்கு இல்லை.

அரிசியும் துவரம்பருப்பும். நம்ம ஊர் அரிசிம்பருப்பு சோறு. கொங்கு நாட்டில் உடம்பு சரியில்லாதவருக்கும் ஆக்குவது, நேரமில்லாத நாளில் ஆக்குவதும் அதேதான். லான்செட்டில் வந்த மருந்து இது.

முடிவு 2023 ஆகஸ்டில் வெளியானது. பை கிடைக்காத வீடுகளில் 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. கிடைத்த வீடுகளில் 5,621 பேரில் 96 பேருக்கு. காலக்கணக்கும் மற்ற வேறுபாடுகளும் சரிசெய்து பார்த்தால் 39 சதவீதம் குறைவு. சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோய் மட்டும் என்றால் 48 சதவீதம் குறைவு. சுமார் 30 வீடுகளுக்குப் பை கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம். நோயாளிகள் பக்கம், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோ.

ஆய்விலும் குறை உண்டு

புகழ்வதோடு நின்றால் அது விமர்சனம் ஆகாது. முதல் விஷயம், நோயாளிகள் எல்லோருக்குமே உணவு கொடுத்ததால், உணவு கொடுக்காத நோயாளியோடு ஒப்பிட வழியில்லை. கொடுக்காமல் வைத்திருப்பது அறம் அல்ல, அதனால் இதைக் குறையாகச் சொல்ல எனக்கே கூச்சம்தான். ஆனால் "எடை கூடினால் சாவு குறையும்" என்பது குலுக்கலில் வந்த முடிவு அல்ல என்பதை மறக்கக் கூடாது. மருந்து நன்றாக வேலை செய்ததால் பசி எடுத்து எடை கூடியிருக்கலாம். வீட்டு ஆட்களைப் பற்றிய முடிவுதான் குலுக்கலில் நின்று வந்தது. உறுதியான பாதி அது.

இரண்டாவது, யாருக்குப் பை, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அரிசியில் போலி அரிசி செய்ய முடியாது. மூன்றாவது, இது நடந்த காலத்தின் நடுவே கொரோனா வந்தது. வேலை போய், ஊர் முடங்கிய நாட்களில் பத்துக் கிலோ பைக்கு இருந்த மதிப்பு, சாதாரண நாளில் இருக்குமா? நான்காவது, நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேர் எடை குறைந்தவர்கள், கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிஎம்ஐ 16-க்கும் கீழே. சர்க்கரையும் டிபியும் சேர்ந்து வருகிற, குடியும் டிபியும் சேர்ந்து வருகிற நம் திருப்பூர் மாவட்டத்துக்கு அதே எண்கள் பொருந்தும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதே சமயம், "அது ஜார்கண்ட், இது தமிழ்நாடு" என்று ஒதுக்கவும் முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் உடுமலை வட்டாரத்து நூல் மில்களிலும் இன்றைக்கு யார் வேலை செய்கிறார்கள்? ஜார்கண்டும் ஒடிசாவும் பீகாரும்தான் இங்கே ஷிஃப்ட் பார்க்கின்றன.

பையைப் பிரித்துப் பார்த்தால்

இப்போது மண்டபத்துப் பைக்கு வருவோம். 2022 செப்டம்பரில் மத்திய அரசு 'நிக்ஷய் மித்ரா' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. தனி ஆள், கம்பெனி, தொண்டு நிறுவனம், யார் வேண்டுமானாலும் ஒரு நோயாளியைத் தத்தெடுத்து உணவுப் பை தரலாம். அரசு பட்டியல் தரும், தனியார் பணம் தருவார்கள்.

பெரியவர்களுக்கான மாதப் பைக்கு அரசு சொன்ன அளவு: தானியம் 3 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, எண்ணெய் 250 கிராம், அதோடு ஒரு கிலோ பால் பவுடர் அல்லது 6 லிட்டர் பால் அல்லது ஒரு கிலோ நிலக்கடலை. முடிந்தால் 30 முட்டை.

ஒரு நாள் ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிலக்கடலை வைத்த பையாகவே எடுத்துக்கொண்டேன், அதில்தான் கலோரி அதிகம். முட்டை இல்லாமல் நாளொன்றுக்குச் சுமார் 750 கலோரி, 27 கிராம் புரதம் வருகிறது. முட்டையும் சேர்த்தால் 825 கலோரி, 33 கிராம். தோராயக் கணக்குதான், அஞ்சு பத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஜார்கண்டில் நோயாளிக்குக் கொடுத்தது 1,200 கலோரி, 52 கிராம். நம் பை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்: ஜார்கண்டில் நோயே இல்லாத வீட்டு ஆளுக்குத் தலைக்குக் கொடுத்த அளவை ஒட்டி நிற்கிறது. அதையும் அந்த அம்மா வீட்டில் ஐந்து பேர் பிரித்தால் ஆளுக்கு 150 கலோரி. இரண்டு இட்லி.

நியாயமாகச் சொன்னால் நிக்ஷய் மித்ரா தொடங்கியபோது ஆய்வு முடிவு வெளிவந்திருக்கவில்லை. அதனால் 2022-ன் அளவைக் குறை சொல்லவில்லை. 2023-க்குப் பிறகும் மண்டபங்களில் அதே பழைய கணக்குப் பை ஏன் என்பதுதான் கேள்வி. வீட்டு ஆட்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2024 அக்டோபரில் அரசு அறிவித்துவிட்டது. அதே அறிவிப்பில் நோயாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிற மாத உதவித்தொகையும் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. அது நல்ல காரியம். ஆனால் தனியார் தரும் பையில் சேர்த்துக்கொள்'ளலாம்' என்பதற்கு என்ன பலம்? நன்கொடை கொடுப்பவர் ஒரு குடும்பத்துக்கு ஐந்து பை கொடுப்பாரா, ஐந்து குடும்பத்துக்கு ஒவ்வொரு பை கொடுத்து ஐந்து போட்டோ எடுப்பாரா?

ஆய்வில் பை ஆறு மாதம் விடாமல் வந்தது. அதுதான் அதன் உயிர். தனியார் தயவில் இரண்டு மாதம் வந்து மூன்றாம் மாதம் நின்றுபோகிற பை, ஆய்வில் சோதித்த பை அல்ல. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

பொடி டப்பா

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. அதே 2024 அறிவிப்பில், பிஎம்ஐ 18.5-க்குக் கீழே உள்ள நோயாளிகளுக்கு முதல் இரண்டு மாதம் 'அதிக ஆற்றல் தரும் ஊட்டச்சத்துப் பொருள்' தரப்படும் என்றார்கள். சுமார் 12 லட்சம் பேர். தனியார் தொழிற்சாலைகளுக்கு எவ்வளவு பெரிய சந்தை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொடி தப்பு என்று சொல்ல வரவில்லை. வாய்க்குச் சோறு இறங்காத நோயாளிக்கு முதல் வாரங்களில் அப்படி ஒன்று உதவும். நான் கேட்பது இதுதான்: ஜார்கண்டில் சோதித்தது அரிசி, கடலை மாவு, பருப்பு. அதன் பலனைக் காட்டி வாங்குவது பாக்கெட். பாக்கெட்டுக்குத் தனியாக ஒரு ஆய்வு வேண்டாமா? வேண்டுமென்றால் அதற்கு யார் பணம் கொடுப்பது? செய்கிற கம்பெனியேவா?

உணவுக் கம்பெனி பணத்தில் நடக்கிற ஆய்வு எப்படி முடியும் என்பதற்குக் கணக்கு உண்டு. பானங்கள் பற்றிய கட்டுரைகளை ஆராய்ந்து 2007-ல் பிளாஸ் மெடிசினில் லெஸ்ஸர் குழு எழுதியது: முழுக்கக் கம்பெனி பணத்தில் நடந்த ஆய்வுகள் கம்பெனிக்குச் சாதகமாக முடிவதற்கு நான்கு முதல் எட்டு மடங்கு அதிக வாய்ப்பு.

அதற்காகத் தனியார் பணம் என்றாலே தீட்டு என்றும் சொல்ல முடியாது. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகம் 2011-ல் வெளியிட்ட எபானிக் ஆய்வைச் சொல்லலாம். தீவிர சிகிச்சையில் இருந்த 4,640 பேர். ரத்தக்குழாய் வழியாகச் சத்து ஏற்றுவதைச் சீக்கிரம் தொடங்குவதா, எட்டாம் நாள் வரை பொறுப்பதா என்ற கேள்வி. பொறுத்தவர்களே சீக்கிரம் தேறினார்கள், தொற்றும் குறைவு. பெரும் பணம் அரசுடையது. சத்துத் திரவம் விற்கும் பாக்ஸ்டர் கம்பெனியும் நிபந்தனையற்ற நிதி கொடுத்திருந்தது. முடிவு விற்பனைக்கு எதிராக வந்தது, வெளியானது. கேள்வி ஆய்வாளரிடமும் முடிவு வெளியிடும் உரிமை பல்கலைக்கழகத்திடமும் இருந்தால் தனியார் பணம் தீங்கு செய்யாது என்பதற்கு இது சாட்சி.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சட்ட முன்னுதாரணம் இருக்கிறது. 1992-ன் குழந்தைப் பால் மாற்றுப்பொருள் சட்டம், 2003-ல் திருத்தப்பட்டது. புட்டிப்பால் கம்பெனிகள் மருத்துவர்களுக்கோ அவர்கள் சங்கங்களுக்கோ கருத்தரங்கு, ஆய்வு எதற்கும் பணம் தரக் கூடாது என்கிறது. பச்சைக் குழந்தை விஷயத்தில் இவ்வளவு கறாராக இருந்துவிட்டு, 34 கிலோ காசநோயாளி விஷயத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

நம்ம பக்கத்தில் என்ன செய்யலாம்

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. சென்னை தவிர்த்த 30 மாவட்டங்கள். ஐசிஎம்ஆரின் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து வடிவமைத்தது. நோய் தெரிந்தவுடனே செவிலியரோ களப்பணியாளரோ சில விஷயங்கள் பார்ப்பார்கள்: பிஎம்ஐ 14-க்குக் கீழா, கால் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா, ஆக்சிஜன் 94-க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. ஆபத்து தெரிந்தால் உடனே படுக்கை. ஒரு எடை மெஷின், உயரம் அளக்க ஒரு கோல், விரலில் மாட்டும் ஒரு கருவி. மருத்துவச் சத்துணவு என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் இந்த எடை மெஷினில்தான் ஆரம்பிக்கிறது.

இதன் குறை, இது அரசு மருத்துவமனைகளில் பதிவான நோயாளிகளுக்கான ஏற்பாடு. கொங்குப் பக்கம் இருமல் வந்தால் ஜனம் முதலில் ஏறுவது தனியார் ஆஸ்பத்திரிப் படி. 2012 முதல் காசநோயைத் தனியாரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பெயர் தெரிவித்தால் போதும் என்றாகிவிட்டது, எடை தெரிவிக்கச் சொல்லவில்லை.

தனியார் உண்மையாகவே கைகோர்க்க வேண்டிய இடம் இது. உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் தனியார் ஆஸ்பத்திரிகள் அதே ஐந்து அளவுகளை எடுத்து மாவட்டக் காசநோய் மையத்துக்குத் தரட்டும். மில்களும் கம்பெனிகளும் 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டிய அளவில் இருந்தால், அந்தப் பணத்தை மண்டபத்தில் பிரிக்காமல் மாவட்ட அளவில் ஒரே நிதியாகப் போடட்டும். பசி, சத்துக்குறைவு ஒழிப்பு அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே முதலில் இருக்கிறது. பையை ஜார்கண்ட் அளவில், வீட்டு ஆட்களையும் சேர்த்து, ஆறு மாதம் ரேஷன் கடை வழியாகத் தரட்டும். ஊர் விட்டு வந்த தொழிலாளிக்கு மில் விடுதியிலேயே தரட்டும். கொள்ளு, கம்பு, நிலக்கடலை, நாமக்கல் முட்டை, எல்லாம் கை நீட்டும் தூரத்தில் விளைகிறது. ஆய்வுக் கணக்கில் நோயாளிக்கு மாதம் சுமார் 13 டாலர், வீட்டு ஆளுக்கு 4 டாலர்தான் ஆனது.

கூடவே இரண்டாம் மாதம் ஒவ்வொருவரையும் எடை போட்டு, யாருக்குக் கூடியது, யாருக்குக் கூடவில்லை, ஏன் என்று பெயர் இல்லாமல் வெளியிடட்டும். நம் மாவட்டத்துக்கான ஆய்வு அதுவே. அதைச் செய்யாதவரை கொடுத்த பைகளின் எண்ணிக்கைதான் நம்மிடம் இருக்கும், கூடிய கிலோவின் எண்ணிக்கை இருக்காது.

அந்த அம்மாவுக்குப் பஸ் வந்துவிட்டது. பையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை, நான்தான் தூக்கிக் கொடுத்தேன். ஏறினதும் ஜன்னல் வழியாகக் கேட்டார்: "அடுத்த மாசமும் குடுப்பாங்களா தம்பி?" தெரியலீங்க என்றேன்.